உத்தரவு கேட்கும் பாட்டு

கடலூரில் இருக்கும் என் அக்கா மகள் ஜப்பானிய மொழி படிக்கிறாள். ஒருநாள் மிசோரா ஹிபாரி என்ற பாடகியின் பாட்டு ஒன்றைக் கைபேசியில் போட்டுக் காட்டினாள். 1966இல் வந்த ‘கனஷீ சகே’. பிரிவைத் தாங்க முடியாமல் தனியாக உட்கார்ந்து குடிக்கும் ஒரு உயிரின் புலம்பல் அது. பாடும்போதே ஹிபாரியின் கன்னத்தில் கண்ணீர் வழிகிறது, குரல் மட்டும் பிசகவில்லை. இந்த வகைப் பாட்டுக்கு ‘என்கா’ என்று பெயர். கேட்டால் ஜப்பானியப் பெரியவர்கள் கலங்கிவிடுவார்களாம்.

“நம்ம ஊர்ல இப்படி அழவைக்கிற பாட்டு ஒண்ணு சொல்லுங்க மாமா.”

‘வருகலாமோ’ என்றேன். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை, மாஞ்சி ராகம். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த நந்தன், தில்லை என்கிற சிதம்பரத்தின் எல்லையில் நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்று நடராசரைக் கேட்கிற இடம். எங்கள் வீட்டில் மார்கழித் திருவாதிரைக்கு அம்மா இதைப் பாட ஆரம்பித்தால் முடித்ததே கிடையாது. பாதியில் தொண்டை அடைத்துவிடும்.

“இதுல அழறதுக்கு என்ன இருக்கு? கோயிலுக்கு வரலாமான்னுதானே கேக்கறார்?” என்றாள். நியாயமான கேள்வி. அந்த அழுகை எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்கினேன்.

தேடலுக்கு வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. கதையின் வேர்களில் பாதி எங்கள் மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் நந்தனாரைத் ‘திருநாளைப்போவார்’ என்று பெயரை மட்டும் சொல்லிப் போகிறார். காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்துத் திருநாரையூர்க்காரரான நம்பியாண்டார் நம்பி அதை ஒரு பாட்டாக விரிக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் முழுக் கதையையும் சொல்கிறார். அவர் பெரியபுராணத்தை அரங்கேற்றியது சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் என்பது மரபு. நந்தனார் பிறந்ததாக அவர் சொல்லும் ஆதனூர் கொள்ளிடக் கரையில் இருக்கிறது.

பெரியபுராணத்தை எடுத்து அந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படித்தேன். சேக்கிழாரின் நந்தனார் ஊர் விட்ட மானியத் துண்டு நிலத்தில் பிழைக்கிறார். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுக்கிறார். திருப்புன்கூரில் நந்தி விலகித் தரிசனம் கிடைக்கிறது. தில்லைக்குப் போக ஆசை; தன் பிறப்பை நினைத்து ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போவோம் என்று தள்ளிப்போடுகிறார். கடைசியில் போய், எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்து, கனவில் வந்த ஆணைப்படி தீயில் புகுந்து முனிவராக எழுகிறார். படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. ஆனால் அம்மாவின் தொண்டையை அடைத்தது இதுவல்ல. ஏனென்றால் இந்த நந்தனாரை யாரும் தடுக்கவில்லை. அவர் எவரிடமும் உத்தரவு கேட்கவில்லை. இங்கே ஆண்டையே கிடையாது.

ஆண்டையைக் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் பிறந்து, முடிகொண்டானிலும் ஆனந்ததாண்டவபுரத்திலும் வாழ்ந்து 1896இல் மறைந்தவர். திருமணம் செய்துகொள்ளாதவர். அவருடைய சரித்திரத்தில் நந்தன் ஒரு வேதியரின் பண்ணையாள். சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான். வேதியர் ஏசுகிறார், ஏளனம் செய்கிறார். பிறகு, நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு அறுவடை செய்துவிட்டுப் போ என்கிறார். வேலி என்பது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நாற்பது வேலி ஒரு மனிதனின் ஆயுளுக்கும் தீராத வேலை. சிவபூதங்கள் ஒரே இரவில் அதை முடித்துவிட, வேதியர் நந்தனின் காலில் விழுகிறார்.

இதைப் புராணத்தின் மேல் வைத்த கறை என்று சொல்பவர்கள் உண்டு. பாரதியார் காலத்திலேயே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார். இலக்கண வழுக்கள் இருக்கின்றன என்பது அவர் குறை. பாரதியார் விடாமல் நடந்தார். ஒரு மத்தியானம், உள்ளே பிள்ளையவர்கள் படுத்திருக்க, வெளியே காத்திருந்தவர் தம் கீர்த்தனையைத் தமக்குத்தாமே பாடிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை உருகி எழுந்து வந்து பாயிரம் கொடுத்தார். உ.வே.சாமிநாதையர் எழுதிவைத்திருக்கும் நிகழ்ச்சி இது. நந்தனார் பாட்டுக்குக் கலங்கியவர்கள் வரிசையில், என் தேடலில் கிடைத்த மிகப் பழைய பெயர் பெரும்புலவர் ஒருவருடையது. 1860களின் தொடக்கத்தில் நூல் அச்சேறியது. உதவியவர் காரைக்காலில் அதிகாரியாக இருந்த சீசே என்ற பிரெஞ்சுக்காரர்.

நூலகத்தில் கிடைப்பது இவ்வளவு. மீதிக்கு ஆதனூர்ப் பக்கம் போனேன். வயல் வேலை செய்து மூப்பெய்திய ஒரு பெரியவரோடு வரப்போரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். நந்தன் கதையில் எந்த இடம் மனசைத் தொடும் என்று கேட்டேன். தீக்குளித்த இடத்தைச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் வேறு சொன்னார்.

“உத்தரவு கேக்கற இடந்தான் தம்பி. எங்க தாத்தா காலத்துல பொண்ணுக்குக் கல்யாணம் வச்சாலும் ஆண்டை வாசல்ல போயி நிக்கணும். நடவு நேரம்னா நாளைக்கு வாடாம்பாங்க. நாளைக்குப் போனா, மறுநாள் வாம்பாங்க.”

பாரதியார் கற்பனை செய்யவில்லை, பார்த்ததை எழுதினார் என்று எனக்கு அங்கேதான் தெளிந்தது. அவர் வளர்ந்த காவிரிப் படுகையில் ஆளை நிலத்தோடு சேர்த்து ஓலை எழுதி விற்றார்கள். அடிமை முறைக்கு இருந்த சட்டத் துணையை 1843இன் ஐந்தாம் சட்டம் நீக்கியது. பண்ணையாள் வாழ்க்கை அதற்குப் பின்னும் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. புண்ணியத் தலத்துக்குப் போகக்கூட இன்னொரு மனிதனிடம் கைகட்டி நிற்க வேண்டியிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் அவர் கண்ணெதிரே உழுதுகொண்டிருந்தார்கள்.

இப்போது ‘வருகலாமோ’வைத் திரும்பக் கேளுங்கள். ஆண்டை ஒப்புக்கொண்டாயிற்று, காலிலும் விழுந்தாயிற்று. நந்தன் தில்லைக்கு வந்துவிட்டான். இனி அவனுக்கும் கடவுளுக்கும் நடுவில் ஆண்டை இல்லை. ஆனாலும் அவன் கேட்கிறான், வரலாமா என்று. வாழ்நாளெல்லாம் ஆண்டை வாசலில் கேட்டுக் கேட்டுப் பழகிய அதே குரல், சாமி வாசலிலும் அப்படியே வருகிறது. மாஞ்சி பைரவியின் சாயலில் மெல்ல இழைகிற ராகம். அதட்டலுக்கு அதில் இடமே இல்லை. அந்தக் குரல் கெஞ்சவில்லை, கோபிக்கவில்லை, உத்தரவுக்குக் காத்திருக்கிறது. அம்மா அழுதது இதற்குத்தான் என்று நம்புகிறேன்.

இதை நம்மவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பதற்குச் சுப்பிரமணிய பாரதியே சாட்சி. ஆண்டை நந்தனை இழிவாகப் பேசும் பாட்டின் மெட்டை எடுத்து, இந்தியரை ஆங்கிலேயன் ஏசுவதாக ‘தொண்டு செய்யும் அடிமை’யை எழுதினார். அழவைத்த மெட்டு அரசியல் மெட்டானது. என்காவின் கதை தலைகீழ். 1880களில் ஜப்பானில் மக்கள் உரிமை கேட்டவர்களின் மேடைப் பேச்சுகளை அரசு ஒடுக்கியபோது, பேச வேண்டியதைத் தெருவில் பாட்டாகப் பாடினார்கள். அதிலிருந்து பிறந்த பெயர்தான் பிற்காலத்தில் காதல் தோல்விக்கும் ஊர் ஏக்கத்துக்கும் அழும் பாட்டுகளுக்கு வந்து சேர்ந்தது.

இங்கே நந்தன் கதை பாட்டைத் தாண்டியும் போனது. சிதம்பரம் ஓமக்குளத்தருகே, நந்தனார் பெயரில் சுவாமி சகஜானந்தர் 1916இல் ஒரு பள்ளி தொடங்கினார். கதையைக் கேட்டு அழுததோடு நிற்காமல், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்த இடம் அது. இந்தச் சரித்திரத்துக்கு இதைவிடச் சிறந்த உரை யாரும் எழுதவில்லை என்பேன்.

சினிமாவும் நந்தனை விடவில்லை. 1935இல் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். 1942இல் ஜெமினி எடுத்த படத்தில் எம்.எம்.தண்டபாணி தேசிகர். அவர் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராகச் சிதம்பரத்துக்கே வந்து சேர்ந்தார்.

இன்று கச்சேரிகளில் நந்தன் பாட்டுகள் உதிரியாகத்தான் வருகின்றன. உத்தரவு கேட்கும் பாட்டு வருகிறது. ஏசும் பாட்டு வருவதில்லை. நொண்டிச்சிந்தும் லாவணியும் இருசொல் அலங்காரமும் கலந்து ஓர் இரவு முழுக்க நடந்த கதையில், கண்ணீர்த் துளியை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்குக் காரணமானவனை விட்டுவிட்டோம். இசை சொல்லித்தருகிறவர்களிடமும் சபா நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆண்டொன்றுக்கு ஒருமுறையாவது, மார்கழித் திருவாதிரையை ஒட்டி, நந்தனார் சரித்திரத்தை ஆண்டையின் பாட்டுகளோடு முழுதாகப் பாடுங்கள். அதைச் சிதம்பரத்திலிருந்தே தொடங்குங்கள்.