நம் தயவில் ஓடுவது

கணினித் துறையில் தலை நரைத்தவன் என்ற உரிமையில் இளையவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் கணினியில் ஓடும் நிரல் பாதி நம் தயவில்தான் ஓடுகிறது. அந்தத் தயவு என்னென்ன என்று கணக்கெடுத்த பிறகே அதை வெளியே அனுப்ப வேண்டும்.

கிளவுடில் நிரலை ஓட்டித் தரும் அசூர் ஃபங்ஷன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்வரைக் கட்டி மேய்க்கும் வேலை நமக்கில்லை. அழைப்பு வந்தால் ஃபங்ஷன் ஓடும். அதன் கோர் டூல்ஸை நிறுவி ‘ஃபங்க் ஸ்டார்ட்’ என்று தட்டினால், அதே ஃபங்ஷன் நம் லேப்டாப்பில் 7071 போர்ட்டில் எழுந்து நிற்கும். கிளவுட் ஸ்டோரேஜுக்குப் பதிலாக அசூரைட் எமுலேட்டர் இருக்கிறது. பிரேக்பாயின்ட் வைத்து, வரி வரியாக நிறுத்தி, எந்த மாறியில் என்ன மதிப்பு என்று பார்க்கலாம். நிதானமாகப் பிழை தேட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவசரப்பட்டு இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

இங்கே ஓடியது டிப்ளாய் செய்ததும் ஏன் விழுகிறது? சாவிகளும் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கும் ‘லோக்கல்.செட்டிங்ஸ்.ஜேசன்’ கோப்பில் இருந்தன. டிப்ளாய் செய்யும்போது அது வழக்கமாகக் கூடவே போவதில்லை. அங்கே ஆப் செட்டிங்ஸில் தனியாக இட வேண்டும். இங்கே டேட்டாபேஸ் திறந்தது உங்கள் சொந்த லாகினுக்காக. அங்கே ஃபங்ஷனின் மேனேஜ்டு ஐடென்டிட்டிக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலும் விண்டோஸ் பொறுத்துப்போகும், லினக்ஸ் பொறுக்காது. நேரத்துக்கும் வரம்பு உண்டு: கன்சம்ப்ஷன் பிளானில் ஒரு ஓட்டத்துக்கு வழக்கமாக 5 நிமிடம். நீட்டினாலும் 10 நிமிடம்தான்.

ஸ்டோரேஜ் கியூவில் வரும் வேலையில் இன்னும் கவனம் தேவை. ஃபங்ஷன் தோற்றால் அதே செய்தி திரும்ப வரும். வழக்கமான அமைப்பில் 5 முறையும் தோற்றால்தான் தோற்ற செய்திகளுக்கான பாய்சன் கியூவுக்கு ஒதுக்கப்படும். பணம் பிடித்த பிறகு ஃபங்ஷன் விழுந்து, மறுபடி ஓடினால்? வாடிக்கையாளரிடமிருந்து இரண்டாம் முறையும் பணம் போய்விடும். ‘இந்த ஆர்டருக்கு ஏற்கெனவே பிடித்தாயிற்றா?’ என்று முதலில் பார்க்கும்படி எழுதுங்கள். ஒரே செய்தியை லேப்டாப்பிலேயே இரண்டு தடவை அனுப்பிச் சோதியுங்கள்.

‘என் மிஷினில் ஓடுகிறதே’ என்று சொல்லிப் பேச்சை முடிக்காதீர்கள். உங்களிடம் இருப்பதில் அங்கே இல்லாதது எது என்று தேடுங்கள். மனிதர்கள் விஷயத்திலும் இதுவே என் வேண்டுகோள். புதிதாகச் சேர்ந்தவர் தடுமாறினால், அவர் திறமையை எடைபோடுவதற்கு முன், உங்களுக்குக் கிடைத்த அனுமதியும் தகவலும் வழிகாட்டலும் அவருக்கும் கிடைத்தனவா என்று கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.