எதிர்ப்பக்கத்து நெரிசல்

ஏ2 ஓட்டோபானில் விபத்து நடப்பது டோர்ட்முண்ட் பக்கம் வரும் பாதையில். நெரிபடுவது ஹனோவர் பக்கம் போகிறவர்கள். நடுவில் தடுப்பு இருக்கிறது, எங்கள் மூன்று தடங்களிலும் ஒரு கண்ணாடித் துண்டுகூட விழுந்திருக்காது. ஆனாலும் வானொலிக்காரர் இரண்டு பக்கமும் நெரிசல் என்று கிலோமீற்றர் கணக்குச் சொல்வார். எங்கள் பக்கத்துக்கு அவர் சொல்லும் காரணம் ‘காஃபர்’, விடுப்புப் பார்க்கிறவர்கள்.

ஜேர்மனிக்கு வந்த புதிதில், காரை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்க்கிற சில பொல்லாதவர்களைத்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். உண்மையில் யாரும் இறங்கத் தேவையில்லை. மணிக்கு 120 கிலோமீற்றரில் போகிறவர் ஒரு விநாடி தலையைத் திருப்பினால் 33 மீற்றர் பாராமல் ஓடிவிடுகிறார். அது அவருக்கே தெரியும் என்பதால் கால் தன்பாட்டில் பெடலிலிருந்து எழும்புகிறது. பின்னால் வருபவர் சற்றுக் கூடுதலாகப் பிறேக் பிடிக்கிறார், அவருக்குப் பின்னவர் இன்னும் கூடுதலாக. தேர்வடம் இழுத்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான்: முன்னுக்கு ஒருவர் கால் தயங்கினால் கடைசியில் நிற்பவர் மற்றவரின் முதுகில் முட்டித்தான் நிற்பார். ஒரு தடத்தில் மணிக்கு 2000 வாகனம் வரை ஓடுகிற நேரமென்றால் இந்தத் தயக்கம் அழியாது. மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீற்றர் வேகத்தில் பின்னோக்கி நகரும். உடைந்த காரைக் கட்டியிழுத்துக்கொண்டு போன பிறகும் நெரிசல் பின்னால் உயிரோடிருப்பது இதனால்தான்.

இதைக் கணக்காக எழுதிக் காட்டியவர்களில் ஒருவர் எங்கள் அயலவர்தான், டுயிஸ்பேர்க்கில் பேராசிரியராக இருந்த மிஹாயேல் ஷ்ரெக்கன்பெர்க். 1992இல் கை நாகலுடன் சேர்ந்து அவர் அமைத்த மாதிரியில், சாரதிகள் காரணமில்லாமல் இடைக்கிடை வேகம் குறைப்பதும் ஒரு விதி. அது ஒன்றே நெரிசலை உண்டாக்கப் போதும். ஜப்பானில் 2008இல் வெளியான பரிசோதனையில் 230 மீற்றர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓடச் சொன்னார்கள். விபத்தும் இல்லை, பார்க்க எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் நெரிசல் வந்தது. அப்படியிருக்க, நீல விளக்குச் சுழல்கிற இடத்தில் வராமலிருக்குமா?

இந்த நாட்டுக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் வருகிற கோபம் சட்டமாகத்தான் வருகிறது. உதவி செய்பவர்களை மறிப்பது 2017 முதல் தனிக் குற்றம். நெரிசலில் அம்புலன்ஸுக்கு நடுவழி விடாவிட்டால் குறைந்தது 200 யூரோ தண்டமும் 2 குற்றப்புள்ளியும் விழும், ஒரு மாதம் லைசென்ஸும் போகும். விபத்தில் இறந்தவரை இழிவாகப் படமெடுப்பது 2021இலிருந்து சிறை வரை போகக்கூடிய குற்றம். 2019 மே மாதம் பவேரியாவில் ஏ6இல் ஒரு பொலிஸ் அதிகாரி, படமெடுத்த லொறிச் சாரதியை இறங்கச் சொல்லி, செத்தவரைப் பார்க்க வேண்டுமென்றால் வா, காட்டுகிறேன் என்று கூப்பிட்டார். அவர் கூப்பிடும் வீடியோவை நாடே பார்த்தது, பெரும்பாலும் கைத்தொலைபேசியில்தான்.

இறந்தவரின் மானத்துக்காக இவையெல்லாம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் போனைத் தூக்காமல் ஒரு விநாடி மட்டும் பார்த்துவிட்டுப் போகும் ஆயிரம் பேரை எந்தச் சட்டம் பிடிக்கும்? நெரிசலை உண்டாக்குவது அவர்கள்தான். எங்கள் வான் உட்பட.

ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போகிற வழி இந்த ஏ2தான். தமிழ் வானில் சாரதி பார்க்காவிட்டாலும் அவரைப் பார்க்க வைக்க ஏழு பேர் இருப்பார்கள். “தம்பி, கொஞ்சம் மெதுவாப் போ. ஐயோ, சின்னப் பிள்ளையளும் இருந்திருக்குமோ?” மாமி இதை ரசனைக்காகக் கேட்கவில்லை. ஊரில் சந்தியில் அடிபட்டால் சுற்றிக் கூடுகிற கூட்டம்தான் காயக்காரரைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றும் கூட்டமும். விடுப்புக்கு வந்தவன் கையும் அதில் இருக்கும். இங்கேயும் லைசென்ஸ் எடுக்க முன் முதலுதவி படித்தாக வேண்டும், கண்ணெதிரே ஆபத்தில் கிடப்பவருக்கு இயன்றும் உதவாமல் போவது குற்றம். ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கம் அம்புலன்ஸ் வந்து நிற்கும்போது இந்தப் பக்கத்தில் இருப்பவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. பத்திரிகைகள் இதைக் குரூர ரசனை என்று எழுதும்போது பாதிதான் சரியென்று தோன்றும்.

ஆகவே, திட்டுவதைவிட மறைப்பது மேல் என்பது என் கட்சி. எங்கள் நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் 2015இலிருந்து வைத்திருக்கும் மறைப்புச் சுவர்கள் அந்த வேலையைத்தான் செய்கின்றன. சட்டகங்களில் துணி கட்டிய தட்டிகள், இழுவைப் பெட்டியில் வரும், நிரையாக நிறுத்தினால் 100 மீற்றர் மறையும். பார்க்க ஒன்றுமில்லையென்றால் கால் பெடலிலேயே இருக்கும். குறை என்னவென்றால், கொண்டுவந்து நிறுத்த நேரம் எடுக்கும், பலத்த காற்றுக்கு நிற்காது. அதனால் பாதை நெடுநேரம் மூடப்படும் பெரிய விபத்துகளுக்குத்தான் வருகின்றன. அரை மணி நேரத்தில் அகற்றப்படும் சின்ன மோதலுக்குத் தட்டி வராது.

அங்கே மிஞ்சுவது இடைவெளிதான். ஓட்டுநர் பள்ளியில் ‘வேகத்தில் பாதி’ என்று படிப்பிப்பார்கள்: 120இல் போனால் முன்காருக்கு 60 மீற்றர். முன்னவர் தயங்கினாலும் நான் பிறேக்கைத் தொடாமல் அந்த 60 மீற்றருக்குள் தயக்கத்தைக் கரைத்துவிடலாம், அலை என்னோடு நின்றுவிடும். ஏ2இல் அத்தனை இடம் விட்டால் இரண்டு கார் புகுந்துவிடும் என்பது வேறு கதை. புகட்டும், திரும்பவும் விடுகிறேன்.

எங்கள் வானில் இப்போது ஒரு ஒழுங்கு உண்டு. பார்ப்பது பின்சீற்றுக்காரர் வேலை, ஓட்டுபவரிடம் எதையும் கேட்கக் கூடாது. மாமி நன்றாகவே பார்க்கிறா. அடிபட்ட காரின் நிறம், எத்தனை அம்புலன்ஸ், யார் எழும்பி நிற்கிறார்கள் என்று எல்லாம் சொல்லி முடிக்கும்போது ஹம்-உவென்ட்ரொப் வெளிவாசல் வந்துவிடுகிறது.