சைகோன் சோறும் நொய்யும்

எங்கள் வீட்டில் பன்றிக்கறியை அடுப்புக்கரியில் சுட்டு, பக்கத்தில் சிவப்பாக வறுத்த சோறு வைத்தால் அதற்குச் சைகோன் சாப்பாடு என்று பெயர். கூடவே ஒரு கதையும் வரும். சைகோனில் பிரெஞ்சு அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்த தாத்தா நம் ஊர் தக்காளி சாதத்தை அங்கே செய்து காட்டினாராம். அந்த ஊர்க்காரர்கள் அதைச் சுட்ட கறியோடு சேர்த்துக்கொண்டார்களாம். கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் அந்தச் சோற்றை வாயில் வைக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். கடுகு இல்லை, சோம்பு இல்லை, மிளகாய்த்தூள் இல்லை, கறிவேப்பிலைகூட இல்லை. அப்புறம் அது எப்படித் தக்காளி சாதம்?

தாத்தாவின் தகரப் பெட்டியில் இருந்த கடிதங்களை எடுத்துப் படித்தேன். சம்பளம், கப்பல் கட்டணம், ஊருக்கு அனுப்பிய பணம், யார் வீட்டில் கல்யாணம் என்று எல்லாம் இருந்தது. சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. புதுச்சேரியில் சைகோன் தொடர்புள்ள மற்ற வீடுகளில் விசாரித்தேன். எல்லா வீட்டிலும் ஒரு தாத்தா, எல்லாத் தாத்தாவும் ஏதோ ஒன்றை வியட்நாமுக்குக் கற்றுக்கொடுத்தவர். அந்த வழி அதோடு நின்றது.

மிச்சம் இருந்தது பெரியம்மா. சைகோனில் பிறந்தவர். 1975-ல் அந்த நகரம் விழுந்த பிறகு புதுச்சேரிக்கு வந்தவர். சோற்றைப் பற்றி எப்போது கேட்டாலும் கறியைப் பற்றியே பேசுவார். "தோள் கறியா வாங்கு, கொழுப்பு இருக்கணும். மெல்லிசா அரி" என்பார். எலுமிச்சைப்புல்லின் அடித்தண்டைப் பொடியாக நறுக்கி, சின்ன வெங்காயமும் பூண்டும் தட்டிப்போட்டு, மிளகு, சர்க்கரை, நுக்மாம் சேர்த்துப் பிசைந்து ஊறவைப்பார். நுக்மாம் என்பது நெத்திலியையும் உப்பையும் மரத்தொட்டியில் ஒரு வருடம்போல ஊறப்போட்டு வடிக்கும் சாறு. ஃபூ குவாக் தீவில் எடுப்பதுதான் பேர்போனது. "அதுவே உப்பு. தனியா உப்பு போட்டா கறி கெட்டுச்சு." சர்க்கரை இல்லாவிட்டால் ஓரம் கருகிச் சிவக்காது, அந்த மணமும் வராது.

"பெரியம்மா, சோறு?"

"கறிய திருப்பிப் போடு கண்ணு, தீயுது."

கேட்பதை விட்டுவிட்டு, அவர் சமைக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க ஆரம்பித்தேன். முதல்நாள் சோற்றை உதிர்த்து வைத்துக்கொண்டார். வாணலியில் வெண்ணெய். பூண்டு. பிறகு அலமாரியிலிருந்து தக்காளி விழுது டப்பா. பழத்தக்காளி கூடையில் இருந்தும் அதைத் தொடவில்லை.

டப்பா விழுதும் வெண்ணெயும் பிரெஞ்சுக்காரர்களோடு வியட்நாமுக்குப் போனவை. பழைய சோற்றைப் பெரிய தீயில் வறுப்பது சீனர் கைப்பழக்கம். சைகோனை ஒட்டியிருந்த சோலோனில் பெரும்பாலும் சீனர்களே இருந்தார்கள். சைகோனில் இதே சிவப்புச் சோற்றுக்குக் 'கோம் தோ' என்று பேர். துண்டு மாட்டுக்கறி வறுவலோடு வைப்பார்கள். 1881-ம் ஆண்டு ஆணைப்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமக்களான புதுச்சேரித் தமிழர்கள் சைகோன் ஆபீஸ்களில் நிறையப் பேர் இருந்தார்கள். எங்கள் தாத்தாவும் அந்த வழிதான். அவர்கள் வீட்டில் வெண்ணெயும் டப்பாவும் நுழைந்ததில் ஆச்சரியம் இல்லை. தாத்தா கொடுக்கவில்லை, வாங்கிக்கொண்டார் என்பதே என் முடிவு. நம்மவர் கைபட்டது வேறு: மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ரொட்டியோடு சாப்பிடும் கோழிக்கறிக் குழம்பு இந்தியர் வழி வந்ததென்று அங்கேயே சொல்கிறார்கள்.

இதைச் சொன்னதும் பெரியம்மா கரண்டியை வைத்தார். "சோத்தப் புடிச்சிக்கிட்டுத் தொங்கறியே. அந்தக் கறிக்கு இது ஜோடியே இல்ல. அங்க நொய்யிலதான் சாப்பிடுவாங்க. இங்க நொய்ய யாரு விருந்துக்கு வைப்பா? உங்க ஆயாதான் மாத்துனாங்க."

நொய்! நாம் கஞ்சிக்கும் கோழிக்கும் ஒதுக்கும் அதே நொய். ஆலையில் உடைந்த அரிசியை விற்க முடியாமல் ஏழைக் குடியானவர்கள் தின்றது, சைகோன் தெருக்களில் காலைச் சாப்பாடாகி, இன்று அந்த நகரத்தின் அடையாளமாகவே நிற்கிறது. 'கோம் தாம்' என்று கேட்டால் நொய்ச்சோறும் சுட்ட பன்றிக்கறியும் வரும். விருந்துக்கு நொய் வைக்கக் கூசிய ஒரு வீடு அதை மறைத்து, மேலே ஒரு பெருமைக் கதையையும் போட்டிருக்கிறது. எனக்கு அந்தக் கதையைவிட இந்த உண்மை பல மடங்கு பிடித்திருக்கிறது.

நீங்கள் செய்து பார்ப்பதானால் பச்சரிசி நொய்யாக வாங்குங்கள், புழுங்கல் நொய் சரிவராது. தண்ணீரைக் குறைத்து உதிரியாக வேகவிடுங்கள். வெங்காயத்தாளை நறுக்கி, அதன்மேல் காய்ந்த எண்ணெயை ஊற்றிக் கறிமேல் போடுங்கள். நுக்மாமில் தண்ணீர், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, பூண்டு, மிளகாய் கலந்து சோற்றில் ஊற்றிக்கொள்ளுங்கள். சிவப்புச் சோற்றை மாட்டுக்கறிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.