மங்கலம்பேட்டையில் ஒரு போர் விமானம்

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில், இரண்டு ஊர்களுக்கும் இடையே அமைந்துள்ளது மங்கலம்பேட்டை. கடலூர் மாவட்டத்துப் பேரூராட்சிகளுள் ஒன்றான இவ்வூரில் முஸ்லிம் குடும்பங்கள் கணிசமாக வாழ்கின்றன. பேருந்தில் இவ்வழியே செல்வோர் விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயிலையும் மணிமுத்தாற்றையும் நினைப்பர். அந்நகரின் பீங்கான் தொழிலை நினைப்போர் சிலரே. எனக்கும் அந்த நினைவு வந்ததற்குக் காரணம், மங்கலம்பேட்டையிலுள்ள என் தங்கை வீட்டில் கண்ட ஒரு காகிதப் பெட்டியே ஆகும்.

சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்திருந்த உறவினர் ஒருவர் என் மருமகனுக்கு அன்பளிப்பாகத் தந்த பெட்டி அது. மேலே பறக்கும் ஜெட் விமானத்தின் வண்ணப்படம். உள்ளேயோ விமானம் இல்லை. பிளாஸ்டிக் சட்டங்களில் கோத்த சாம்பல் நிறத் துண்டுகளும், ஒரு விளக்கத் தாளும், நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களும் இருந்தன. “இத்தனை காசுக்கு முழுதாக ஒரு பொம்மை வாங்கி வந்திருக்கலாமே, அண்ணே!” என்றாள் தங்கை.

முழுதாக வந்திருந்தால் ஒரு நாள் விளையாட்டோடு முடிந்திருக்கும். இதுவோ அளவு மாதிரி. எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்பது இதன் கணக்கு. ஆறடி மனிதன் இந்த அளவில் ஓர் அங்குலம் ஆகிவிடுவான். பெட்டியில் இருந்தது ‘நேட்’ என்னும் சிறிய போர் விமானம். இங்கிலாந்தில் பிறந்து, பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தால் உரிமம் பெற்றுக் கட்டப்பட்டது. ஏறத்தாழ 8.7 மீட்டர் நீளமுள்ள அவ்விமானம், மேசைமீது 12 சென்டிமீட்டராக நின்றது.

இரண்டு மாலைப் பொழுதுகள் வேலை நடந்தது. விமானியின் அறைக்கு முதலில் வண்ணம் தீட்டி முடித்தாக வேண்டும். உடற்பகுதியின் இரு பாதிகளையும் ஒட்டிய பின் உள்ளே தூரிகை நுழையாது. மூக்கினுள் சிறு ஈயத்துண்டு வைக்க வேண்டும். இல்லையேல் மூன்று சக்கரங்களில் நிற்க வேண்டிய விமானம் வாலில் சாய்ந்து உட்கார்ந்துவிடும். இதற்குரிய ஒட்டுதிரவம் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சற்றே கரைத்து இரு துண்டுகளையும் ஒன்றாக்குகிறது. கூடுதலாக ஒரு சொட்டு விழுந்தாலும் வடு நிற்கும். அதன் ஆவி தலைசுற்றல் தரும் என்பதால் சன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்தோம்.

“போர்க்கருவியைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது சரிதானா?” என்றும் தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமான தளம் தாக்கப்பட்டபோது, நேட் விமானத்தில் ஏறிச் சென்று தனித்துப் போரிட்டு உயிர் நீத்தார் நிர்மல் ஜித் சிங் சேகான். பரம் வீர் சக்ரா விருது பெற்ற ஒரே விமானப்படை வீரர் அவரே. இதைக் கேட்டபின் என் மருமகன் அந்த ஒற்றை இருக்கையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பின் அவன் அதை வெறும் விளையாட்டுப் பொருளாகக் கருதவில்லை.

மறுநாள் எஞ்சிய துண்டுகள் சிலவற்றுடன் அவனை விருத்தாசலத்திற்கு அழைத்துச் சென்றேன். பீங்கான் பட்டறை ஒன்றில் பாரிஸ் சாந்து அச்சுகள் வரிசையாக அடுக்கியிருந்தன. கூழ் போன்ற களிமண் கரைசலை அச்சினுள் ஊற்றுகிறார்கள். சாந்து நீரை உறிஞ்ச, சுவரோரம் களிமண் படிகிறது. போதிய கனம் வந்ததும் மிகுதியைக் கவிழ்த்துவிட்டு, அச்சைப் பிரித்து, இணைப்புக் கோட்டைச் சீவி, உலர்த்திச் சூளையில் சுடுகிறார்கள். உலரும்போதும் சுடும்போதும் களிமண் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்குவதுண்டு. ஆகையால் அச்சையே அந்தக் கணக்கில் பெரிதாகச் செய்ய வேண்டும்.

எங்களிடமிருந்த பிளாஸ்டிக் துண்டை வாங்கிப் பார்த்த தொழிலாளி ஒருவர், விரல் நகத்தால் ஒரு மெல்லிய கோட்டைத் தடவி, “இதுவும் இரண்டு பாதி அச்சுதான், பாய். எங்களுடையது சாந்து, அவர்களுடையது எஃகாக இருக்கும்” என்றார். உண்மை அதுவே. உருக்கிய பிளாஸ்டிக்கை மிகுந்த அழுத்தத்துடன் எஃகு அச்சுக்குள் செலுத்தித்தான் இத்துண்டுகள் வார்க்கப்படுகின்றன.

ஜப்பானில் ஷிசுவோகா என்றொரு நகரம் உண்டு. அங்கு 1946இல் மரம் அறுக்கும் நிறுவனமாகத் தொடங்கியதே தமியா. பின்னர் மரத்தாலான மாதிரிகளைச் செய்தது. 1960இல் பிளாஸ்டிக் மாதிரிக்கு மாறியது. இன்று அந்நகரம் உலகின் மாதிரிப் பொருள் தலைநகராகப் போற்றப்படுகிறது. மரத்தில் பழகிய கையும் கண்ணும் புதிய பொருளுக்கு மாறிக்கொண்டன. அச்சுக் கலை அறிந்த கைகள் விருத்தாசலத்திலும் உள்ளன. அருகே நெய்வேலியில் நிலக்கரிக்கு மேல் வெண்களிமண் கிடைக்கிறது. செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் அந்நகரிலேயே இருக்கிறது. ஆயினும் நம் பிள்ளைகள் மேசையில் ஒட்டும் நம் நாட்டு விமானத்தின் மாதிரி, கடல் கடந்த உறவினரின் பெட்டியில்தான் வர வேண்டியிருக்கிறது.

இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்தபோது தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் குழுவில் இருந்தார். பணி பின்தங்கியது கண்டு பேராசிரியர் மூன்றே நாள் கெடு விதித்ததையும், இரவும் பகலும் உழைத்து அதை முடித்ததையும் அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அவர் கையிலும் முதலில் இருந்தது தாளும் அளவுகோலுமே.

பிள்ளைகளை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதை மட்டுமே எதிர்காலம் என்றெண்ணும் பெற்றோர், பேருந்தில் சிறிது நேரத்தில் எட்டிவிடும் அந்தப் பட்டறைகளையும் பயிலகத்தையும் ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளுக்குக் காட்டி வாருங்கள். என் மருமகன் திரும்பும் வழியில் கேட்டான்: “மாமா, பத்தில் ஒரு பங்கு சுருங்குமென்றால், நேட்டைப் பீங்கானில் செய்ய அச்சு எத்தனை சென்டிமீட்டர் இருக்க வேண்டும்?” பேருந்துச் சீட்டின் பின்புறத்தில் இருவரும் கணக்குப் போட்டோம். பதின்மூன்றைச் சற்றே தாண்டி வந்தது.