ரீவிக்குப் பக்கத்தில் ஒரு பிறிண்டர்

பனிச்சங்கேணிப் பக்கம் வீடுகளுக்குப் போனால் முன்னறையிலேயே குடும்பத்தின் பாதிக் கதை விளங்கிவிடும். ரீவி, டிஷ் பெட்டி, உயரமான இரண்டு ஸ்பீக்கர். அநேகமாக மத்திய கிழக்கில் வேலை செய்யும் மகளோ தங்கையோ அனுப்பிய காசில் வாங்கியவை. இப்போது அந்த வரிசையில் கலர் பிறிண்டரையும் வைக்கச் சிலர் விரும்புகிறார்கள். வீட்டுக்கு எதற்கு இந்த ஆடம்பரம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வாகரைப் பிரதேசத்தில் 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவற்றில் அல்பங்களும் இருந்தன. மிஞ்சியவை 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் உடுத்த உடுப்போடு ஓடியபோது கைவிடப்பட்டன. கல்யாணப் படம், பிள்ளையின் முதலாவது பிறந்தநாள் படம் ஒன்றுகூட இல்லாத வீடுகள் இங்கே உண்டு. பிரான்ஸ் நாட்டுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு 1965இல் வெளிவந்த ஆய்வொன்றில், பிள்ளைகள் உள்ள வீடுகளிலேயே கமரா அதிகம் இருப்பதாகக் காட்டினார். குடும்பம் தன்னைக் குடும்பமாகப் பார்த்துக்கொள்ளவே படம் எடுக்கிறது என்பது அவர் கருத்து. பல்கலைக்கழகத்தில் வாசித்தபோது சாதாரணமாகத் தெரிந்த விடயம், படமே இல்லாத வீடுகளில் வேறுமாதிரித் தெரிகிறது.

பிறிண்டர் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பு நகருக்குப் போன அம்மாவின் மகன் 2006இல் காணாமல் போனவர். அவரிடம் இருப்பது சாதாரண தரப் பரீட்சை அடையாள அட்டைக்காக எடுத்த சின்னப் படம் மட்டுமே. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும், ஆர்ப்பாட்டங்களுக்கும் அதன் பிரதிகளைத்தான் கொண்டு திரிந்தார். ஸ்டூடியோவில் பெருப்பித்தால் போதாதா என்று கேட்டேன்.

"மாலை போட்டுத் தரவா எண்டு கேக்கிறாங்க மிஸ். அவன் செத்தவன் எண்டு ஆரு சொன்ன?"

வீட்டில் அச்சடித்தால் அந்தக் கேள்வி வராது.

கடையில் மலிவான மெஷின்களையே முதலில் காட்டினார்கள். மெஷின் மலிவு, மைக் காட்ரிட்ஜ் விலை கூட. இரண்டு மூன்று தரம் மாற்றினால் மெஷினின் விலை வந்துவிடும். பெட்டியில் போட்டிருக்கும் பக்கக் கணக்கு சாதாரண எழுத்துப் பக்கங்களை வைத்துப் போட்டது. படம் என்றால் தாள் முழுவதும் மை, அந்தக் கணக்கு சரிவராது. வெளியில் தாங்கி உள்ள மெஷினுக்கு முதற்செலவு அதிகமானாலும் மை போத்தலில் வாங்கி ஊற்றலாம். இந்தோனேசியாவில் ஆட்கள் தாங்களாகவே குழாய் போட்டு வெளியே தாங்கி பொருத்தி வந்தார்கள். அதைப் பார்த்துத்தான் எப்சன் கம்பனி 2010இல் அங்கேயே முதன்முதலாகத் தாங்கி மெஷினை விற்கத் தொடங்கியது.

மையில் இரண்டு விதம். சாய மை பளிச்சென்று இருக்கும். ஆனால் ஈரம் பட்டால் ஊறும், வெயிலில் கெதியாக மங்கும். நிறத்துகள் மை சற்று மங்கலாகத் தெரிந்தாலும் நின்று பிடிக்கும். சாதாரண தாளில் ஒரு படம் அடிக்கச் சொல்லி, காய்ந்தபின் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் எங்களுக்கு இந்தச் சோதனை முக்கியம்.

கடைக்காரர் மாதிரிக்கு அடித்துக் காட்டுவது பூவும் வெள்ளைக்காரப் பிள்ளையும். எங்கள் முகத்தை அடிக்கச் சொல்லுங்கள். கொடாக் கம்பனி நிறம் சரிபார்க்கப் பல ஆண்டுகளாக வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தையே ஆய்வுகூடங்களுக்கு அனுப்பி வந்தது. பல நிறத்துப் பெண்கள் சேர்ந்த படம் 1990களில்தான் வந்தது. சில மெஷின்கள் இன்றும் தாமாகவே முகத்தை வெளுப்பாக்கும். அந்த அம்மாவும் மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ட பிள்ளையிட நிறமில்ல" என்றார். தானாகத் திருத்துவதை நிற்பாட்டச் சொல்லி அடித்த இரண்டாவது படத்தைத்தான் ஏற்றுக்கொண்டார்.

ரீவியில் பார்த்த நிறம் தாளில் அப்படியே வராது. ரீவி தானே வெளிச்சம் விடுகிறது, தாளோ அறையின் வெளிச்சத்தில்தான் தெரியும். அதேபோல 35 மில்லிமீற்றர் அகலப் படத்தை ஏ4 தாள் அகலத்துக்குக் கொண்டுவந்தால் ஆறு மடங்கு பெருக்கும், கண்ணும் மூக்கும் கரைந்துவிடும். அரைத் தாள் போதும். ஸ்கான் பண்ணிய பிரதியை ஒரு போனில் மட்டும் வைக்காமல், இன்னொரு வீட்டிலும் கொடுத்து வையுங்கள். இந்த ஊருக்கு அது தெரியும்.

மெஷினை யன்னலோரம் வைக்கக்கூடாது. உப்புக் காற்றும் தூசியும் கெடுக்கும். சுவர் சுவிட்சை மட்டும் நிற்பாட்டுவதும் கூடாது. மெஷினின் பட்டனை அமத்தினால்தான் மை வரும் வாய் மூடப்படும். மூடாவிட்டால் காய்ந்து அடைத்துக்கொள்ளும். கிழமைக்கு ஒருமுறையாவது எல்லா நிறத்திலும் ஏதாவது அடிக்க வேண்டும்.

கிழமைக்கு ஒருமுறை அடிக்க ஒரு வீட்டில் என்ன வேலை இருக்கிறது? இதற்குத்தான் என்னிடம் சரியான பதில் இல்லை. ஒரே ஒரு படம்தான் வேண்டுமென்றால் ஸ்டூடியோப் படம் மலிவு, நீண்ட நாளைக்கும் இருக்கும். லோன் எடுத்து வாங்குவதற்கு நான் உடன்படமாட்டேன். கிழமைக் கடன் பெண்களை எங்கே கொண்டுபோய் விட்டதென்று இம்மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பத்து வீடு சேர்ந்தால் கணக்கு வேறு. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஒப்படை, கடிதம், விண்ணப்பம் என்று மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

மாதர் சங்கத்தில் இதைப் பேசினோம். காசு சேர்ப்பதில் பெரிய பிரச்சினை இல்லை, மெஷின் எந்த வீட்டில் இருப்பது என்பதில்தான் இழுபறி. தன் வீட்டில் ரீவிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிவிட்டதாக அந்த அம்மா சொன்னார். கதவு எப்பவும் திறந்துதான் இருக்குமாம். பதினெட்டு வருசத்துக்கு மேலாக அப்படித்தான் இருக்கிறதாம்.