பாதி உண்மை

கிளாஸுக்கு ஏன் அடிக்கடி மட்டம் போடுகிறாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் "வீட்டுல நாய்க்கு உடம்பு சரியில்ல" என்று சொல்லி வந்தேன். பொய் இல்லை. பாதி உண்மை. மீதிப் பாதியை இன்றைக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஜிம்மிக்கு 14 வயது. அக்மார்க் நாட்டு நாய். 2011-ல் நான் ஒண்ணாங்கிளாஸ் படித்தபோது, மழையில் நனைந்துகொண்டு எங்கள் வாசலில் ஒதுங்கியவன், போகவே இல்லை. 2025 ஆகஸ்டில் அவன் விலாப் பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. அம்மா பதறிப்போய் மறுநாளே ஆட்டோ பிடித்து மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் ஊசியால் கொஞ்சம் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "கொழுப்புக் கட்டிம்மா. வயசான நாய்க்கு வர்றதுதான், ஒண்ணும் பண்ணாது" என்றார்.

திரும்பி வரும்போது, ஆட்டோ பாலக்கரை தாண்டியிருக்கும். அம்மா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் ஒண்ணு இருக்குடி. மார்ல. நாலு மாசமா இருக்கு. வலிக்கல, அதான் விட்டுட்டேன்."

நாய்க்கு ஒரு நாள். அவளுக்கு நாலு மாசம். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். (மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது. இதைப் படிக்கும் யாராவது வீட்டில் போய் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.)

செப்டம்பரில் ஆபரேஷன். இடது பக்கம், அக்குளில் இருந்த நெறிகளையும் சேர்த்து எடுத்தார்கள். அக்டோபரில் இருந்து கீமோ, 21 நாளைக்கு ஒன்றாக மொத்தம் எட்டு. முதல் நாலும் ரோஸ்மில்க் மாதிரி சிவப்பாக ஏறும். அதோடு ஒரு பட்டியலும் கொடுத்தார்கள். இடது கையில் ஊசி, பி.பி. கூடாது, கீறல் படக்கூடாது. ஊசி போட்டு ஒரு வாரம் கழித்து வெள்ளை அணுக்கள் குறையும், காய்ச்சல் 100.4 தொட்டால் நடு ராத்திரி என்றாலும் நேராக வந்துவிட வேண்டும். நாய் நக்கக் கூடாது, நாய் அசிங்கம் பண்ணினதை அம்மா தொடவே கூடாது.

நான் அன்று சாயங்காலமே லால்குடி சித்தப்பாவுக்குப் போன் போட்டு, ஆறு மாசம் ஜிம்மியை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவரும் சரி என்றார். அம்மா ஒரு நாள் முழுக்க என்னிடம் பேசவில்லை. ராத்திரி மட்டும் சொன்னாள்: "அவனுக்குக் கண்ணு தெரியாதுடி. இந்த வீட்டுல சுவரு எங்க இருக்குன்னு தெரியும். அங்க போய் என்ன பண்ணுவான்?"

போகவில்லை. ஜிம்மி வேலை முழுக்க என் தலையில். காலையில் எழுந்ததும் பழைய பேப்பர், கையுறை, பினாயில். அப்புறம் குக்கரில் ஆறு விசில் விட்டுச் சோற்றைக் குழைய வைப்பேன். ஒரு பங்கில் தயிர் ஊற்றினால் அம்மாவுக்கு, வாய்ப்புண்ணில் வேறெதுவும் இறங்காது. ஒரு பங்கில் முட்டையைப் பிசைந்தால் ஜிம்மிக்கு, அவனுக்குப் பல் இல்லை. அம்மா அவளுடையதை "இரும்பு மாதிரி இருக்கு" என்று ஒதுக்குவாள். அவன் தட்டைத் துடைத்து வைப்பான். ஒருநாள் அவன் நொண்டுகிறானே என்று அம்மாவின் வலி மாத்திரையில் பாதியை உடைத்துவிட்டேன். நல்ல வேளையாக, கொடுப்பதற்கு முன்னால் டாக்டருக்குப் போன் பண்ணினேன். மனுஷ மாத்திரை நாய்க்கு விஷமாகலாம் என்று செம டோஸ் விழுந்தது.

பதினேழாம் நாள் முடி கொத்துக் கொத்தாக வர ஆரம்பித்தது. அப்பாவே மழித்துவிட்டார். வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரு நொடி முழித்துவிட்டுத்தான் சிரித்தார்கள். ஜிம்மிக்கு எந்த வித்தியாசமும் இல்லை. காலை மட்டும் ரொம்ப நேரம் மோந்து பார்த்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டான்.

கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டால் அம்மாவுக்கு இரண்டு மூன்று ராத்திரி தூக்கமே வராது. ஜிம்மிக்கு வயசுக் கோளாறு; மூணு மணிக்கு எழுந்து நடந்து, பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பான். பின்னால் வரத் தெரியாது. "இந்தப் பக்கம் வாடா பெரிசு" என்று அம்மா குரல் கொடுப்பாள். முன்பெல்லாம் நான்தான் எழுந்து போய்த் திருப்பிவிடுவேன். ஒருநாள் எழப் போனபோது அம்மா அவனிடம் பேசிக்கொண்டிருந்தாள். "பயமா இருக்குடா." எங்கள் யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. நான் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து மூணு மணிக்கு நான் எழுவதில்லை.

இப்போது ஆறு முடிந்துவிட்டது. ஐந்தாவதில் இருந்து வேறு மருந்து, விரல் நுனியெல்லாம் மரத்துப் போகிறது. ஜாக்கெட் கொக்கி நான்தான் போட்டுவிடுகிறேன். "அவன் முடியே தெரிய மாட்டேங்குதுடி, துணியத் தொடற மாதிரி இருக்கு" என்கிறாள். தடவிவிட்டுச் சமர்த்தாகக் கை கழுவிக்கொள்கிறாள்.

போன வாரம் ஜிம்மிக்குப் பின்னங்கால் எழவில்லை. நானும் அப்பாவும்தான் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் பார்த்துவிட்டு, "கஷ்டப்படுத்தாம ஒரு ஊசி போட்டுடலாம், யோசிங்க" என்றார். எட்டாவது கீமோ முடியும் வரை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பா சொல்கிறார். நாலு மாசம் மறைத்ததற்கு ஆட்டோவில் அப்படிக் கத்தினவள் நான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "டாக்டர் என்ன சொன்னாரு?"

"வயசுதாம்மா."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அந்தப் பழைய போர்வையை எடுத்து என் கட்டிலுக்குப் பக்கத்துல விரி. தரை சில்லுன்னு இருக்கு அவனுக்கு."