சாங்கியில் ஒரு பதக்கம்

ஆஸ்திரேலியக் கால்பந்தின் பதிவேட்டில் பீட்டர் சிட்டி என்ற பெயருக்கு நேரே இருப்பது இரண்டே இரண்டு ஆட்டங்கள். 1936இல் மெல்பர்னின் செயின்ட் கில்டா அணிக்காக ஆடியவை. அவ்வளவுதான். அந்த வீட்டில் பெயரெடுத்தவர் தம்பி பாப் சிட்டி. கார்ல்டன் அணியின் கேப்டன் ஆனவர்.

ஆனால் பீட்டரிடம் தம்பியிடம் இல்லாத ஒரு பதக்கம் இருந்தது. சிங்கப்பூரில், சாங்கி போர்க்கைதிகள் முகாமில் கொடுத்தது.

சயாம் மரண ரயிலைப் பற்றி எது கிடைத்தாலும் வாசிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அப்படி வாசித்தபோதுதான் இந்த மனிதரிடம் வந்து சேர்ந்தேன். அதுவரை எனக்கு ஃபுட்டி என்றால் என்னவென்றே தெரியாது. கிரிக்கெட் மைதானம் மாதிரி முட்டை வடிவ மைதானம், முட்டை வடிவப் பந்து, அணிக்குப் பதினெட்டுப் பேர். உதைக்கலாம், கையால் குத்தியும் தள்ளலாம். இரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி, பக்கத்தில் போனால் ஒன்று. பார்க்க அடிதடி மாதிரி இருக்கும். ஆனால் அதன் உச்ச விருதான பிரவுன்லோ பதக்கம் அடிதடிக்காரருக்குக் கிடைக்காது. 1924 முதல் கொடுக்கிறார்கள். நன்றாக ஆடினால் மட்டும் போதாது, முறையாகவும் ஆடியிருக்கணும். வாக்குப் போடுவது நடுவர்கள்.

1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் சரணடைந்தது. ஆம்புலன்ஸ் பிரிவில் இருந்த சிட்டியும் கைதியானார். சாங்கியில் முதல் சில மாதங்கள், பின்னால் வந்ததோடு ஒப்பிட்டால், தாங்கக்கூடியவை. சோறு குறைவு, வியாதி உண்டு, ஆனால் முகாமுக்குள் ஓரளவு தங்கள் இஷ்டப்படி இருக்க முடிந்தது. அங்கேதான் ஒரு கால்பந்து லீக் முளைத்தது. மெல்பர்ன், ரிச்மண்ட், கார்ல்டன் என்று ஊரில் இருந்த அணிகளின் பெயர்களையே வைத்துக்கொண்டார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் வில்ஃப்ரெட் ஸ்மால்ஹார்ன். ‘சிக்கன்’ என்பது அவரது பட்டப்பெயர். ஃபிட்ஸ்ராய் அணிக்காக ஆடி 1933இல் அசல் பிரவுன்லோ வாங்கியவர். இப்போது அவரும் கைதி.

1943 ஜனவரி 24இல் கடைசி ஆட்டம். விக்டோரியா மாநிலத்துக்காரர்கள் ஒரு பக்கம், மற்ற ஆஸ்திரேலியர்கள் மறுபக்கம். பத்தாயிரம் கைதிகள் பார்த்ததாகச் சொல்கிறார்கள். அந்தப் பருவத்தின் சாங்கி பிரவுன்லோ, பீட்டர் சிட்டிக்கு.

அதோடு லீக் நின்றுபோனது. கூட்டம் கூட்டமாக ஆட்களை சயாமுக்கும் பர்மாவுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். காட்டையும் மலையையும் வெட்டி 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட வேண்டும். சிட்டியும் போனார். பதக்கமும் கூடவே போனது. இரண்டும் திரும்பி வந்தன.

நான் ஏன் இதையெல்லாம் வாசிக்கிறேன் என்றால், அந்தப் பாதையில் எங்கள் வீட்டு ஆள் ஒருவரும் இருந்தார். என் அப்பாயியின் அண்ணன். மலாயாவில், சுங்கை பட்டாணி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து போனவர். “நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம்னாங்க, மூணு மாசத்துல வந்துடுவேன்னு போச்சு” என்பார் அப்பாயி. போரெல்லாம் முடிந்து, இவர்கள் ராஜுலா கப்பலேறி நாகப்பட்டினம் வந்து இறங்கும்வரை அவர் வரவில்லை. அப்பாயி அவரை அண்ணன் என்றுதான் சொல்வார். பெயர் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. இப்போது அப்பாயியும் இல்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது.

அந்தப் பாதையில் வேலை செய்த நேச நாட்டுக் கைதிகள் 60,000க்கும் மேல். அவர்களில் 12,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ இதைப்போல மூன்று மடங்கு இருந்திருப்பார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர். அவர்களில் இறந்தவர்கள் எழுபத்தைந்தாயிரம் என்பார் ஒருவர், லட்சம் என்பார் இன்னொருவர். முன்னதில் ஆள் ஆளாக எண்ணியிருக்கிறார்கள். பின்னதில் ஆயிரக்கணக்கில் மதிப்பிடுகிறார்கள்.

ஏன் இப்படி என்று யோசித்துப் பார்த்தால், பதில் அந்தக் கால்பந்து லீக்கிலேயே இருக்கிறது. ராணுவம் கைதியானபோது முழு ராணுவமாகவே கைதியானது. அதிகாரி இருந்தார், மருத்துவர் இருந்தார், பட்டியல் எழுதும் குமாஸ்தா இருந்தார். அதனால்தான் அணி பிரிக்க முடிந்தது, வாக்கு எண்ண முடிந்தது. அதே பழக்கத்தில்தான் காட்டிலும் யார் எங்கே செத்தார், எந்த இடத்தில் புதைத்தோம் என்று எழுதி ஒளித்து வைத்தார்கள். 1945இல் கல்லறைக் குழு பாதை நெடுகப் போய்த் தேடியபோது அந்தக் காகிதங்கள்தான் வழிகாட்டின. இன்று காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன.

தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு இதில் எதுவும் இல்லை. கங்காணியும் கூலிக்காரரும் இருந்தார்கள், குமாஸ்தா இல்லை. காலரா வந்தபோது மருத்துவரும் இல்லை. பிறகு ஜப்பானியர்களே போர்க்கைதிகளில் இருந்து மருத்துவக் குழுக்களைத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதற்குள் ரொம்பத் தாமதமாகிவிட்டது.

சிட்டியின் மேல் எனக்குப் பொறாமை இல்லை. பட்டினி கிடக்கிற இடத்தில் ஒரு பருவம் முழுக்க யார் முறையாக ஆடினார்கள் என்று கணக்கு வைத்தது அற்பக் காரியமும் இல்லை. எங்களை எண்களாக நடத்தாதே என்று சிறைப்பிடித்தவனுக்குச் சொல்லும் ஒரு வழி அது. நம் ஆட்களுக்கு அந்த வழிகூடக் கிடைக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

1945 செப்டம்பர் 29. ராணுவத்தின் கையில் போயிருந்த மெல்பர்ன் பெரிய மைதானத்தில் ஆட முடியாமல் பிரின்சஸ் பார்க்கில் இறுதிப்போட்டி. பாப் சிட்டியின் தலைமையில் கார்ல்டன் ஜெயித்தது. கைகலப்பு அவ்வளவு மோசமாக இருந்ததால் இன்றும் அதை ‘ரத்தக்களரி’ என்றே சொல்கிறார்கள். பீட்டருக்கு விடுதலை கிடைத்து அப்போது சில வாரங்கள்தான்.

பீட்டருக்கு சிறைக்காலத் தொண்டுக்காக பிரிட்டிஷ் எம்பயர் மெடல் கிடைத்தது. 1996இல் இறந்தார். சாங்கி பிரவுன்லோ அதிகாரபூர்வப் பட்டியலில் சேராது. ஆனால் அது கான்பெராவில், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில், அவர் பெயரோடு இருக்கிறது.